டிவி கேம் பெட்டியும் கேசட்டுகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தொண்ணூறுகளில் தமிழ்நாட்டில் பள்ளிப் பருவத்தைக் கழித்த பலருக்கு, டிவியின் பின்புறம் ஆண்டெனா வயரைப் பிடுங்கிவிட்டு வேறொரு வயரைச் செருகி விளையாடிய பெட்டியை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஆனால் ஆண்டுக்கணக்கில் அதில் விளையாடியவர்களிலும் பெரும்பாலோருக்கு, அது எங்கே பிறந்தது, அந்த ஆட்டங்களை உருவாக்கியவர்கள் யார் என்பவை தெரியாமலே போய்விட்டன. ஆட்டங்கள் அடங்கிய, பெட்டியில் செருகும் கேசட்டுகள் நம் கைக்கு வந்தபோது அவற்றில் அந்தப் பெயர்கள் அழிக்கப்பட்டிருந்ததே அதற்கு முதற்காரணம். நாற்பதைத் தொட்டுவிட்ட அந்தத் தலைமுறையினர் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளும் அவற்றுக்கான விடைகளும் கீழே உள்ளன.

நம் வீடுகளில் இருந்த அந்தப் பெட்டி உண்மையில் எந்த இயந்திரம்?

மிகப் பெரும்பாலான வீடுகளில் இருந்தது, ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் 1983 ஜூலை 15 அன்று அந்நாட்டில் 14,800 யென் விலையில் விற்பனைக்குக் கொண்டுவந்த ஃபாமிகாம் என்ற இயந்திரத்தின் நகல். மூல இயந்திரத்தை வடிவமைத்த குழுவுக்குத் தலைமை தாங்கியவர் மசாயுகி உவெமுரா. அவர் 2021 டிசம்பரில் காலமானார். அதே இயந்திரம் தோற்றம் மாறி, 1985 இல் அமெரிக்காவில் என்இஎஸ் என்ற பெயரில் இறங்கியது. இரண்டும் சேர்த்து உலகெங்கும் 6 கோடியே 19 லட்சம் அளவுக்கு விற்றன. நாம் விளையாடிய நகல்கள் இந்தக் கணக்கில் சேராதவை.

மேலே கேசட் செருகும் நீள்பிளவு, பவர் பொத்தான், ரீசெட் பொத்தான், இரண்டு ஜாய்ஸ்டிக்குகள் என்ற அமைப்பு எல்லா நகல்களிலும் ஏறக்குறைய ஒன்றே. மீடியா, லிட்டில் மாஸ்டர், டெர்மினேட்டர் என அட்டைப்பெட்டியின் மேல் இருந்த பெயர்தான் வீட்டுக்கு வீடு மாறியது.

அதற்கு முன் வீட்டில் விளையாடும் கேம் இயந்திரங்கள் இருந்ததில்லையா?

இருந்தன. ரால்ஃப் பேர் என்பவரின் யோசனையில் பிறந்த மேக்னவாக்ஸ் ஒடிசி 1972 இலேயே அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. 1977 இல் வந்த அட்டாரி இயந்திரம் வெறும் 128 பைட் நினைவகத்தை வைத்துக்கொண்டு ஒரு தலைமுறையையே கட்டிப்போட்டது. தரமற்ற ஆட்டங்கள் கடைகளில் குவிந்து 1983 இல் அமெரிக்கச் சந்தை சரிந்த பிறகு, அதை மீட்டது நின்டெண்டோதான். நம் ஊர் நடுத்தரக் குடும்பங்களுக்கு இந்த முன்கதை எட்டவில்லை.

நின்டெண்டோ இங்கே நேரடியாகக் கடை விரிக்காதபோது, அந்தப் பெட்டி நம் ஊருக்கு எப்படி வந்தது?

தொழில்நுட்பம், பணம் என்று இரண்டு காரணங்கள் உண்டு.

அமெரிக்காவுக்கு அனுப்பிய இயந்திரத்தில், அனுமதியற்ற கேசட்டுகளை மறுக்கும் பூட்டுச் சில்லு ஒன்றை நின்டெண்டோ பொருத்தியிருந்தது. ஜப்பானிய ஃபாமிகாமில் அந்தப் பூட்டு கிடையாது. 60 பின்கள் கொண்ட அதன் கேசட்டை யார் வேண்டுமானாலும் செய்து விற்கலாம் என்ற நிலை இருந்ததால், கிழக்காசியத் தொழிற்சாலைகள் அந்த இயந்திரத்தையே நகலெடுத்தன. காலப்போக்கில், பல சில்லுகள் செய்த வேலையை ஒற்றைச் சில்லுக்குள் அடக்கி, அதன்மேல் கறுப்பு ரெசினைச் சொட்டாக ஊற்றி மூடி, மிக மலிவாகத் தயாரிக்கவும் தொடங்கின. பழைய நகல் ஒன்றைத் திருகு கழற்றிப் பார்த்தால், பெரிய டப்பாவுக்குள் உள்ளங்கை அளவே உள்ள ஒரு பலகையும் அதன் நடுவில் அந்தக் கறுப்புப் பொட்டும் இருப்பதைக் காணலாம்.

பணத்தைப் பொறுத்தவரை, முறையாக இறக்குமதியாகும் மின்னணுப் பொருள்களின் மீதான வரி நடுத்தரக் குடும்பங்களுக்குத் தாங்கக்கூடியதாக இல்லை. சேகா நிறுவனத்தின் மெகா டிரைவ் என்ற கேம் இயந்திரம், ஷா வாலஸ் நிறுவனத்தின் வழியாக 1995 இல் இந்தியாவுக்கு வந்தபோது அதன் விலை 18,000 ரூபாய். அன்று அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருந்த ஒரு தந்தை பல மாதச் சம்பளத்தை அப்படியே எடுத்துவைத்தால்தான் அதை வாங்கியிருக்க முடியும். நகல் பெட்டியோ அதன் விலையில் சிறு பங்குக்கே கிடைத்தது. சென்னையில் பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்களுக்காக 1969 இல் உருவான பர்மா பஜார், மவுண்ட் ரோட்டை ஒட்டிய ரிச்சி தெரு ஆகிய இரண்டும் இதற்குப் பெயர்போன இடங்கள். சிங்கப்பூரிலிருந்தோ வளைகுடாவிலிருந்தோ விடுமுறைக்கு வரும் மாமாவின் பெட்டியிலும் அது வந்து சேர்ந்தது.

ஒரே கேசட்டில் 9999 ஆட்டங்கள் என்று எழுதியிருந்ததே, அது உண்மையா?

இல்லை. அந்தக் கேசட்டுகளில் உண்மையாகவே வேறுபட்ட ஆட்டங்கள் சில மட்டுமே இருக்கும். பல கேசட்டுகளில் பத்தைக்கூடத் தாண்டாது. மீதமுள்ள வரிசை எண்களெல்லாம் அதே ஆட்டத்தை வேறு கட்டத்திலிருந்தோ, கூடுதல் லைஃப்களுடனோ, வேறு ஆயுதத்துடனோ தொடங்கும் குறுக்குவழிகள். பட்டியலின் ஒவ்வொரு பக்கத்தையும் பொறுமையாகத் திறந்து பார்த்து, எந்த எண்ணில் எது இருக்கிறது என்று நோட்டின் கடைசிப் பக்கத்தில் குறித்துவைத்த பிள்ளைகள் அன்று ஏராளம். 64 என்றோ 76 என்றோ அடக்கமான எண் அச்சிடப்பட்ட கேசட்டுகள் பெரும்பாலும் நம்பத்தகுந்தவையாக இருந்தன.

அந்த ஆட்டங்களை உருவாக்கியவர்கள் யார்?

இந்தப் பக்கத்தில் எனக்கு மிக முக்கியமாகத் தோன்றும் கேள்வி இதுதான். நகல் கேசட் செய்தவர்கள் ஆட்டத்தின் முகப்புத் திரையிலிருந்து நிறுவனத்தின் பெயரையும் ஆண்டையும் பெரும்பாலும் நீக்கிவிடுவார்கள். சில வேளை ஆட்டத்தின் பெயரையே மாற்றிவிடுவார்கள். ஆகவே அந்த ஆட்டங்கள் தாமாகவே முளைத்தவை போல நாம் அவற்றை ஏற்றுக்கொண்டோம். ஒரு திரைப்படப் பாடலைக் கேட்டால் இசையமைத்தவர் யார், பாடியவர் யார் என்று உடனே கேட்கும் நாம், அதைவிட அதிக நேரம் செலவிட்ட ஒரு படைப்பைப் பற்றி அப்படிக் கேட்க வழியில்லாமல் போனது எனக்கு இன்றும் வருத்தம் தருகிறது.

நாம் மாரியோ என்று அழைத்த சூப்பர் மாரியோ பிரதர்ஸ் ஆட்டத்தை உருவாக்கியவர்கள் ஷிகேரு மியாமோட்டோவும் தகாஷி தேசுகாவும். இசை கோஜி கொண்டோ. அது ஜப்பானில் 1985 செப்டம்பர் 13 அன்று வெளிவந்தது. பாதையைத் தானே வரைந்துகொள்ள இடம் தந்த மோட்டார் சைக்கிள் பந்தயமான எக்சைட்பைக்கும் மியாமோட்டோவின் வடிவமைப்புத்தான். நாம் டாங்க் என்று மட்டுமே அறிந்த ஆட்டம், நாம்கோ நிறுவனம் 1985 இல் வெளியிட்ட பேட்டில் சிட்டி. பலூன்களைக் கட்டிக்கொண்டு பறக்கும் பலூன் ஃபைட்டுக்கு நிரல் எழுதியவர் சதோரு இவாடா. அவர் 2002 இல் நின்டெண்டோவின் தலைவராகி, 2015 இல் இறக்கும் வரை அப்பொறுப்பில் இருந்தார். ஒரு தலைவர் தம் கையால் எழுதிய நிரலில் நாம் விழுந்து எழுந்திருக்கிறோம் என்பதை அறிந்தபோது எனக்கு உண்டான மகிழ்ச்சி சிறியதல்ல.

காட்டுக்குள் கோடரி எறிந்தபடி பழம் பொறுக்கி ஓடும் அட்வென்ச்சர் ஐலண்ட் நாயகன் நிஜ மனிதர் ஒருவரின் சாயல். ஹட்சன் நிறுவனத்தில் பணியாற்றிய தோஷியுகி தகாஹாஷி, நொடிக்கு 16 முறை பொத்தானை அழுத்துபவர் என்று ஜப்பானியப் பிள்ளைகளிடையே பெயர் பெற்றவர். 1986 இல் அவரையே நாயகனாக்கி அந்த ஆட்டத்தை வெளியிட்டார்கள். தோண்டித் தோண்டித் தங்கம் எடுக்கும் லோட் ரன்னர் மட்டும் ஜப்பானில் பிறந்ததல்ல. டக்ளஸ் ஸ்மித் என்ற அமெரிக்கர் 1983 இல் கணினிக்காக எழுதியதை ஹட்சன் மறு ஆண்டு ஃபாமிகாமுக்குக் கொண்டுவந்தது.

அவ்வளவு எளிய இயந்திரத்தில் இவ்வளவு பெரிய ஆட்டங்கள் எப்படி இடம்பிடித்தன?

இயந்திரத்தின் செயலி 1.79 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓடியது. அதன் வேலை நினைவகம் 2 கிலோபைட். திரையில் 256 × 240 புள்ளிகள். மாரியோ முழுவதும், எட்டு உலகங்கள், இசை, எதிரிகள் எல்லாம் சேர்த்து, 40 கிலோபைட்டுக்குள் அடங்கியது. இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரு புகைப்படம் அதைப்போலப் பல மடங்கு இடம் பிடிக்கும்.

அந்த நெருக்கடியைப் படைப்பாளிகள் எப்படிச் சமாளித்தார்கள் என்பதை ஆட்டத்திலேயே பார்க்கலாம். மாரியோவில் வானத்து மேகமும் தரையிலுள்ள புதரும் ஒரே படம். நிறம் மட்டும் வேறு. ஒரே கிடைவரியில் எட்டு உருவங்களுக்கு மேல் இயந்திரத்தால் காட்ட இயலாது. ஆகவே சுட்டுக்கொண்டே ஓடும் காண்ட்ரா ஆட்டத்தில் குண்டுகளும் எதிரிகளும் ஒரே மட்டத்தில் திரளும்போது சில உருவங்கள் மினுங்கி மறைந்து தெரியும். பெட்டி பழுதாகிவிட்டது என்று நாம் பயந்தது அதைக் கண்டுதான்.

ஒலியிலும் இதே கதை. இயந்திரத்தில் இருந்த ஒலித்தடங்கள் ஐந்து. மெட்டுக்கு இரண்டு, அடிநாதத்துக்கு ஒன்று, தாளத்துக்கு இரைச்சல் தடம் ஒன்று, பதிவு செய்த ஒலிக்கு ஒன்று. மாரியோ குதிக்கும் ஒலிக்கென்று தனித் தடம் இல்லாததால், குதிக்கும் ஒவ்வொரு முறையும் அந்த ஒலி இசையிடமிருந்து ஒரு தடத்தைக் கடன் வாங்குகிறது. தொடர்ந்து குதித்துக்கொண்டே கேட்டால், பின்னணி இசையின் ஓர் இழை அறுந்து அறுந்து திரும்ப வருவது தெளிவாகக் காதில் விழும்.

நாம் கேட்ட மாரியோ இசையும் ஜப்பானியர் கேட்டதும் ஒன்றுதானா?

முழுக்க ஒன்றல்ல. ஜப்பானின் டிவி நொடிக்கு 60 முறை திரையைப் புதுப்பித்தது. இந்தியா கடைப்பிடித்த பால் (PAL) என்ற டிவி ஒளிபரப்பு முறையில் அது 50 முறை. ஆட்டத்தின் ஓட்டமும் இசையின் தாளமும் இந்த எண்ணிக்கையைப் பிடித்தே நடந்தன. எனவே பால் முறைக்கென்று செய்யப்பட்ட நகல் பெட்டிகளில் ஆட்டம் ஆறில் ஒரு பங்கு மெதுவாக ஓடியது. செயலியின் வேகம் கிட்டத்தட்ட அதுவே என்பதால் சுருதி மாறவில்லை. காலப்பிரமாணம் மட்டும் தளர்ந்தது. போதாக்குறைக்கு, பல நகல் சில்லுகளில் ஒலியலையின் வடிவத்தைத் தீர்மானிக்கும் இரண்டு அமைப்புகள் இடம் மாறியிருந்தன. அதனால் நாதத்தின் குணமும் சற்று வேறுபட்டது. மூல இயந்திரத்தின் பதிவை இன்று கேட்கும்போது, ஏதோ அவசரத்தில் ஓடுகிறதே என்று உங்களுக்குத் தோன்றினால் உங்கள் நினைவு பிழையானது என்று எண்ண வேண்டாம். அந்தப் பெட்டியில் அது மெதுவாகவே ஒலித்தது.

கறுப்பு வெள்ளை டிவியில் விளையாடியவர்களுக்கு என்ன கிடைக்காமல் போனது?

எங்கள் வீட்டில் சாலிடேர் கறுப்பு வெள்ளை டிவிதான். சேனல் குமிழைத் திருப்பி, பிறகு அதன் உள்குமிழை மயிரிழை மயிரிழையாக நகர்த்தி, இரைச்சல் புள்ளிகள் கரைந்து ஆட்டப் பட்டியல் தெளிவாகும் வரை ஒருவர் டிவியருகே நிற்க, மற்றவர் எதிரே அமர்ந்து "போதும், விடு" என்று சொல்ல வேண்டும்.

அந்தச் சாம்பல் திரையில் மாரியோ உண்மையிலேயே கடினமான ஆட்டம். வளரச் செய்யும் காளானுக்கும் கூடுதல் லைஃப் தரும் காளானுக்கும் உருவம் ஒன்றே, நிறம்தான் வேறு. ஆமைகளிலும் அப்படியே: பச்சை ஆமை விளிம்பில் நிற்காமல் கீழே விழும், சிவப்பு ஆமை விளிம்பு வந்ததும் திரும்பி நடக்கும். எது எந்த ஆமை என்று அது விளிம்பை எட்டும் வரை எங்களால் சொல்ல இயலாது. கலர் டிவி இருந்த நண்பன் வீட்டில் முதன்முறையாக விளையாடியபோது, இந்த விதி ஒன்று இருப்பதே அன்றுதான் புரிந்தது.

காண்ட்ராவில் 30 லைஃப் தரும் அந்த வித்தை எங்கிருந்து வந்தது?

மேல், மேல், கீழ், கீழ், இடது, வலது, இடது, வலது, பி, ஏ. இந்த வரிசையை அமைத்தவர் கோனாமி நிறுவனத்தின் கசுஹிசா ஹாஷிமோட்டோ. 1986 இல் கிரேடியஸ் என்ற விண்கல ஆட்டத்தை ஃபாமிகாமுக்கு மாற்றும் பணியில், ஆட்டத்தைச் சோதித்துப் பார்க்கத் தம்மாலேயே கடக்க முடியாத அளவுக்கு அது கடினமாக இருந்ததால் இதைச் சேர்த்தார். 1988 இல் வந்த காண்ட்ராவிலும் அதே வரிசை வேலை செய்தது. ஹாஷிமோட்டோ 2020 பிப்ரவரியில் காலமானார். இணையம் இல்லாத காலத்தில் அவருடைய விரல் வரிசை எப்படியோ நம் ஊர் டியூஷன் வகுப்புகளுக்கு வந்து, நோட்டில் அம்புக்குறிகளாக வரையப்பட்டுப் பெஞ்சு பெஞ்சாகக் கைமாறியது.

வாத்து சுடும் ஆட்டத்துக்கான துப்பாக்கி எப்படி வேலை செய்தது? புதிய டிவியில் ஏன் வேலை செய்வதில்லை?

துப்பாக்கியிலிருந்து எதுவும் வெளியே பாய்வதில்லை. அதன் குழலுக்குள் இருப்பது வெளிச்சத்தை உணரும் ஒரு சிறு கருவி. விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் முழுக்கக் கறுப்பாகும். அடுத்த கணத்தில் வாத்து இருந்த இடத்தில் மட்டும் வெள்ளைக் கட்டம் தோன்றும். முதலில் இருட்டும் பிறகு வெளிச்சமும் குழலுக்குள் விழுந்தால் குறி தப்பவில்லை என்று பொருள். இரண்டு வாத்துகள் இருந்தால் வெள்ளைக் கட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றும். எந்தக் கட்டத்தின்போது வெளிச்சம் வந்தது என்பதை வைத்து எது அடிபட்டது என்று இயந்திரம் அறியும். பல்பை நோக்கிச் சுட்டால் எல்லா வாத்தும் விழும் என்று அன்று பரவிய நம்பிக்கையை முறியடிக்கவே முதலில் இருட்டைச் சோதிக்கும் ஏற்பாடு.

பிக்சர் டியூப் டிவி, சமிக்ஞை வந்த கணத்திலேயே திரையில் வரைந்துவிடும். தட்டைத் திரை டிவி படத்தைச் சற்றுத் தாமதித்தே காட்டுவதோடு, அந்தக் கருவி எதிர்பார்க்கும் துடிப்பும் அதன் ஒளியில் இல்லை. ஆகவே அங்கே துப்பாக்கி பயன்படாது.

கேசட்டை வாயால் ஊதியது உண்மையில் பயன் தந்ததா?

பயன் தந்தது கழற்றி மீண்டும் செருகியதுதான். செருகும்போது பின்கள் உரசிச் சற்று வேறு இடத்தில் படிவதால் தொடர்பு கிடைத்தது; நாம் அதை ஊதியதன் பலன் என்று எண்ணினோம். மூச்சிலுள்ள ஈரம் நாளடைவில் பின்களை அரிக்கும் என்பதால் ஊத வேண்டாம் என்றே நின்டெண்டோவும் கூறியது.

விளையாடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் ஏன் எல்லாம் அழிந்தது?

நம்மிடம் இருந்த ஆட்டங்களில் நிலையைச் சேமிக்கும் வசதி இல்லை. சேமிக்கும் கேசட்டுகளுக்குள் ஒரு சிறு பேட்டரி வேண்டும். மலிவுக் கேசட்டுகளில் அதற்கு இடமேது? மாரியோவின் எட்டாம் உலகத்தில் இருக்கும்போது மின்சாரம் நின்றால் முதல் உலகத்திலிருந்துதான் தொடக்கம். சாப்பிட அழைத்தால் ஸ்டார்ட் பொத்தானை அழுத்தி நிறுத்திவிட்டு, டிவியை மட்டும் அணைத்துவிட்டுப் போவோம். திரும்பி வரும்போது பெட்டியின் அடிப்பகுதி கொதிக்கும். அடாப்டரிலிருந்து வரும் 9 வோல்ட்டை உள்ளே 5 வோல்ட்டாக இறக்கும் பாகம், மிச்சத்தை வெப்பமாக வெளியேற்றுவதே அதன் காரணம்.

இருவர் சேர்ந்து விளையாடுவதில் சண்டை வந்ததற்கு ஆட்டங்களே காரணமா?

ஓரளவுக்கு ஆம். காண்ட்ராவில் ஒருவருடைய லைஃப் தீர்ந்துவிட்டால், மற்றவருக்கு மிச்சமிருக்கும் லைஃபை எடுத்துக்கொள்ளலாம். இதற்கு அவருடைய சம்மதம் தேவையில்லை. அண்ணன் தம்பி இருக்கும் வீட்டில் இதன் விளைவைச் சொல்ல வேண்டியதில்லை. டாங்கில் கூட்டாளியின் மேல் சுட்டால் அவர் சற்று நேரம் அசைய முடியாமல் நின்றுவிடுவார். நாம் காக்க வேண்டிய கழுகுச் சின்னத்தை நம் குண்டே தகர்த்தாலும் இருவருக்கும் ஆட்டம் முடிந்தது. இரண்டாவது ஜாய்ஸ்டிக்கில் ஸ்டார்ட், செலக்ட் பொத்தான்கள் இல்லாததால், எதை விளையாடுவது, எப்போது நிறுத்துவது என்ற அதிகாரம் முழுவதும் முதல் ஜாய்ஸ்டிக் வைத்திருப்பவருக்கே. பெரும்பாலும் அது மூத்தவர் கையில்தான் இருக்கும்.

பரணில் பழைய பெட்டி இருக்கிறது. இன்று அதை இயக்கிப் பார்க்கலாமா?

பார்க்கலாம், ஆனால் கிடைத்த அடாப்டரைச் செருகிவிட வேண்டாம். மின்னழுத்தமும் துருவமும் பெட்டியில் அச்சிட்டிருப்பதோடு ஒத்துப்போக வேண்டும். குறிப்பாக, அமெரிக்க என்இஎஸ்ஸின் அடாப்டர் மாறுதிசை மின்சாரம் தருவது. அதை நேர்திசை மின்சாரத்துக்கான ஃபாமிகாமில் செருகினால் இயந்திரம் பாழாகும். கேசட்டின் பின்களை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்து, நன்றாக உலரவிட்டுச் செருகுங்கள். பெட்டியில் ஆடியோ, வீடியோ முனைகள் இருந்தால் அவற்றின் வழியாக டிவியில் இணைப்பதே எளிது. ஆண்டெனா வயர் வழியாக மட்டும் இணையும் பெட்டியென்றால், அனலாக் சேனல்களைத் தேடும் வசதி உள்ள டிவி வேண்டும்.

பெட்டி இல்லாதவர்கள் இந்த ஆட்டங்களை முறையாகப் பெற வழி உண்டா?

சிலவற்றுக்கு உண்டு. காண்ட்ராவின் பழைய ஆட்டங்களை ஒன்றாகத் தொகுத்துக் கோனாமி 2019 இல் வெளியிட்டது. அது கணினியிலும் கிடைக்கிறது. மாரியோ, பலூன் ஃபைட், எக்சைட்பைக் ஆகியவை நின்டெண்டோவின் ஸ்விட்ச் இயந்திரத்தில் சந்தா வழியாகக் கிடைக்கின்றன. இணையத்தில் இலவசமாகக் கொட்டிக் கிடக்கும் கோப்புகள் பதிப்புரிமை தீராதவை. அன்று வேறு வழியில்லாமல் நகலில் விளையாடினோம். இன்று வாங்கும் வசதியுள்ளவர்கள், கிடைப்பதையாவது விலை கொடுத்து வாங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. வாங்கியதைத் திறக்கும்போது முகப்புத் திரையின் அடியில் நிறுவனத்தின் பெயரும் ஆண்டும் அப்படியே இருக்கும்.